மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு கூகுள் காலண்டர் அழைப்பு: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

கூகுள் காலண்டரில் ஒரு கூட்டத்தைப் பதிந்துவிட்டு, 'ஆட் கெஸ்ட்ஸ்' பெட்டியில் பத்து இலக்க மொபைல் எண்ணைத் தட்டினால் ஏற்காது. காண்டாக்ட்ஸில் பெயரும் எண்ணும் பத்திரமாக இருந்தாலும், மின்னஞ்சல் இல்லையென்றால் அந்தப் பெயர் கெஸ்ட் பட்டியலில் தலைகாட்டாது. குடியிருப்போர் சங்கம், பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் சுய உதவிக் குழு, டியூஷன் சென்டரின் பெற்றோர் கூட்டம், பிசியோதெரபி கிளினிக் என்று நம் ஊரில் ஆட்களை நேரம் குறித்து வரவழைக்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. அழைக்க வேண்டியவர்களில் பலருக்கு வாட்ஸ்அப் உண்டு, மின்னஞ்சல் கிடையாது. சிலரிடம் இருப்பது பட்டன் போன் மட்டும்.

இந்த மதிப்பாய்வு கூகுள் காலண்டரை அந்த ஒரு கோணத்தில் மட்டும் பார்க்கிறது. கூடவே அதன் குறையை நிரப்ப வாட்ஸ்அப், எஸ்.எம்.எஸ்., கூகுள் ஃபார்ம் ஆகியவை எவ்வளவு தூரம் வரும் என்பதையும். நேரத்தைக் குறித்து வைக்கவும் மாற்றவும் நினைவூட்டவும் கூகுள் காலண்டரைப் போல இலவசமாக வேறொன்று கிடைப்பது அரிது. ஆனால் மின்னஞ்சல் இல்லாதவரை அழைப்பதில் 5-க்கு 2 மதிப்பெண்ணுக்கு மேல் தர முடியாது.

காரணம் கூகுளின் அலட்சியம் மட்டுமல்ல. காலண்டர் அழைப்பு என்பதே அடிப்படையில் ஒரு மின்னஞ்சல்தான். காலண்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஐகேலண்டர் என்ற தரம் 1998-இல் வந்தது. 2009-இல் ஆர்.எஃப்.சி. (இணையத் தரங்களை எழுதி வைக்கும் ஆவணம்) 5545 என்று புதுப்பிக்கப்பட்டது. அழைப்பை மின்னஞ்சல் வழியே கொண்டுபோகும் முறையின் இன்றைய வடிவத்தை 2010-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6047 வகுத்தது. அதன்படி ஒவ்வொரு அழைப்புக்கும் தனி அடையாள எண் ஒன்று, திருத்த வரிசை எண் ஒன்று. நீங்கள் 10 மணியை 11 ஆக்கினால், அதே அடையாள எண்ணோடு அடுத்த வரிசை எண் தாங்கிய புதுக் கடிதம் போகும். பெறுபவரின் காலண்டர் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். அவர் 'வருகிறேன்' என்று தட்டினால் அதுவும் ஒரு கடிதமாகத் திரும்பி வரும். முகவரி இல்லையென்றால் மாற்றம் போகும் வழியும் பதில் வரும் வழியும் சேர்ந்தே அடைபடுகின்றன. கீழே சொல்லும் பெரும்பாலான மாற்று வழிகளில் தொல்லை தருவது இதே இடம்தான். அழைப்பைச் சேர்ப்பது சுலபம். நேரம் மாறியதைச் சேர்ப்பதும் பதிலை வாங்குவதும்தான் கடினம்.

கூகுள் முன்பு எஸ்.எம்.எஸ். அனுப்பியதே என்று கேட்பவர்கள் உண்டு. அது கணக்கு வைத்திருப்பவருக்கே போன நினைவூட்டல், மற்றவருக்கு அழைப்பு அல்ல. அதையும் சாதாரணக் கணக்குகளுக்கு 2015 ஜூனிலும், நிறுவனக் கணக்குகளுக்கு 2019 ஜனவரியிலும் நிறுத்திவிட்டார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: உண்மையிலேயே மின்னஞ்சல் இல்லையா?

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலிருந்து ஆப் இறக்க கூகுள் கணக்கு வேண்டும். எனவே 'எனக்கு மெயில் எல்லாம் இல்லைங்க' என்பவரின் போனிலேயே ஒரு ஜிமெயில் முகவரி உட்கார்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. போன் வாங்கிய கடையிலோ, வீட்டுப் பிள்ளைகளோ உண்டாக்கிக் கொடுத்திருப்பார்கள். பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டால் முகவரி தெரியும். பாஸ்வேர்டு தெரிய வேண்டியதில்லை. போனில் கணக்கு ஏற்கெனவே நுழைந்த நிலையில் இருந்தாலே போதும்.

அந்த முகவரியை வாயால் சொல்லச் சொல்லாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். ஜிமெயிலில் நடுவில் வரும் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் அழைப்பு யாரோ ஒருவருக்குப் போய்விடும்.

முகவரி கிடைத்துவிட்டால், அவர் ஜிமெயிலை வாழ்நாளில் திறக்காதவராக இருந்தாலும், காலண்டர் ஆப் அழைப்பைத் தானாகவே காட்ட முடியும். அதற்கு இரண்டு இடம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, போன் செட்டிங்ஸில் அந்தக் கணக்கின் கீழ் 'காலண்டர்' சிங்க் ஆன் ஆகியிருக்க வேண்டும். பேட்டரி மிச்சப்படுத்த யாரோ அணைத்து வைத்திருப்பதைச் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். இரண்டு, காலண்டர் ஆப்பின் செட்டிங்ஸில் 'ஜெனரல்' பகுதிக்குள், அழைப்புகளைச் சேர்ப்பது பற்றிய தேர்வு. 'எல்லோரிடமிருந்தும்', 'அனுப்புநர் தெரிந்தவரானால் மட்டும்', 'மின்னஞ்சலில் பதில் சொன்ன பிறகு' என்று மூன்று நிலை அங்கே உண்டு. மெயிலே பார்க்காதவருக்கு மூன்றாவது நிலை இருந்தால் அழைப்பு வந்ததே தெரியாது. இரண்டாவது நிலை என்றால் உங்கள் முகவரியை அவர் காண்டாக்ட்ஸில் சேர்த்துக் கொடுங்கள், சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. இது கைகூடினால் காலண்டர் வழிகளில் இதுவே மேல், ஏனென்றால் நேர மாற்றம் அவர் காலண்டருக்கே தானாகப் போய்ச் சேர்வது இதில் மட்டும்தான்.

போனில் கணக்கே இல்லாத ஒருவருக்கு, உங்கள் கூட்டத்துக்காக மட்டும் புதிதாக ஜிமெயில் உண்டாக்கிக் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஓ.டி.பி. அவர் எண்ணுக்குப் போகும், பாஸ்வேர்டு உங்களிடம் தங்கும். இது யாருக்கும் நல்லதல்ல. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையையும் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் செய்யக்கூடாது: பட்டியலில் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக, பெயரோடு ஜிமெயில் டாட் காம் என்று குத்துமதிப்பாகச் சேர்ப்பது. அந்த முகவரிக்கு எங்கோ ஒரு சொந்தக்காரர் இருப்பார். கூட்டத்தின் இடம், நேரம், மீட் லிங்க், மற்ற விருந்தினர்களின் முகவரிகள் எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். பெயர் தெரிந்தால் போதும் என்றால் உங்கள் முகவரியிலேயே பெயர்ப் பகுதிக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, அவர் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கடிதம் உங்கள் இன்பாக்ஸுக்கே வரும், அவர் சார்பில் பதிலையும் நீங்களே பதியலாம். எங்கள் பரிந்துரை அதைவிட எளிது: குறிப்புப் பகுதியில் ஒரு வரிக்கு ஒரு பெயர். காலண்டர் தேடலில் பெயர் அகப்படும். ஆனால் போன் எண்களை அங்கே எழுத வேண்டாம். மின்னஞ்சலில் அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் அந்தக் குறிப்பைப் படிக்க முடியும்.

லிங்க்கும் ஐ.சி.எஸ். கோப்பும்

வாட்ஸ்அப்பில் அனுப்பி, தொட்டதும் அவர் காலண்டரில் பதியும்படி செய்ய இரண்டு வழி உண்டு. ஆண்ட்ராய்டுகாரர்களுக்கு லிங்க், ஐபோன்காரர்களுக்கு ஐ.சி.எஸ். கோப்பு, அதாவது நிகழ்ச்சி விவரத்தை ஐகேலண்டர் வடிவில் அடக்கிய சிறு கோப்பு. முதலில் லிங்க். கம்ப்யூட்டரில் கூட்டத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'பப்ளிஷ் ஈவென்ட்' எடுத்தால் ஒரு லிங்க் வரும். போன் ஆப்பில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளியிட்ட பிறகு அந்த நிகழ்ச்சி பொதுவில் தெரியும் ஒன்றாகிவிடும் என்பதால், நோயாளியின் பெயரோ கடன் தவணை விவரமோ தலைப்பில் இருக்கக்கூடாது. லிங்க்கைத் தொடுபவரின் போனில் கூகுள் கணக்கு நுழைந்திருக்க வேண்டும். ஐபோனில் கூகுள் கணக்கே வைக்காதவர் தொட்டால் லாகின் பக்கம் வந்து நிற்கும், அதோடு அவர் விட்டுவிடுவார்.

சிலர் 'காலண்டரில் சேர்' லிங்க்கைத் தாங்களே எழுதுகிறார்கள். அதில் தேதி எட்டு இலக்கம், நேரம் ஆறு இலக்கம். நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் தர வேண்டும், அதாவது நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். 2026 மார்ச் 14 காலை 10 மணி என்றால் 20260314, 043000. அதே நாள் காலை 5 மணிக்கு நடைப்பயிற்சிக் குழுவைக் கூட்டுகிறீர்கள் என்றால் தேதியே 13-க்குப் போய்விடும்: 20260313, 233000. அதிகாலை நிகழ்ச்சிகள் ஒரு நாள் தள்ளிப் பதிவதற்கு இதுதான் காரணம்.

ஐபோனுக்கு ஐ.சி.எஸ். கோப்பு பொருந்தும். இங்கே கூகுள் காலண்டரின் பெரிய ஓட்டை ஒன்று தெரிகிறது: ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் கோப்பாக எடுக்க அதில் வசதி இல்லை. 'எக்ஸ்போர்ட்' அழுத்தினால் முழுக் காலண்டரும் வந்து விழும். அதை அப்படியே குழுவில் போட்டால் உங்கள் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் முதல் எல்லாமே ஊருக்குத் தெரிந்துவிடும். தப்பிக்க ஒரே வழி, 'கூட்டம்' என்று தனிக் காலண்டர் ஒன்றைத் தொடங்கி, அதில் அந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் வைத்து, அந்தக் காலண்டரின் செட்டிங்ஸிலிருந்து எக்ஸ்போர்ட் செய்வது. அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு 'ஃபார்வர்டு ஆஸ் ஐகேலண்டர்' என்று நேர்வழி உண்டு. மேக் கம்ப்யூட்டரில் நிகழ்ச்சியை இழுத்து டெஸ்க்டாப்பில் போட்டாலே கோப்பு ஆகிவிடும். இந்த விஷயத்தில் இரண்டுமே கூகுளை முந்துகின்றன.

உங்களுக்கு மின்னஞ்சலில் வந்த அழைப்போடு ஒட்டியிருக்கும் ஐ.சி.எஸ். கோப்பை மட்டும் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். அதற்குள் உங்கள் பெயரும் முகவரியும் அழைக்கப்பட்டவராக எழுதியிருக்கும். 'பதில் வேண்டும்' என்ற வகைக் கோப்பு அது. சில ஆப்கள் பதில் யாருக்கு, யார் பெயரில் என்று குழம்பித் திறக்க மறுக்கும்.

கோப்பைக் கையால் திருத்துபவர்கள் நேர மண்டலத்தை விட்டுவிடக் கூடாது. தொடக்க நேர வரியில் ஆசியா/கொல்கத்தா என்று மண்டலம் குறிப்பிடாமல் வெறும் 10 மணி என்று போட்டால், எந்த ஊரில் திறக்கிறார்களோ அந்த ஊரின் 10 மணியாகவே காட்டும். குடும்பக் கூட்டத்துக்குத் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வீடியோவில் சேர்பவர்கள் இருந்தால் இது கூட்டத்தையே கெடுத்துவிடும். சரியாக எழுதியிருந்தால் நம் காலை 10, துபாயில் 8.30, சிங்கப்பூரில் பகல் 12.30. கொழும்பும் யாழ்ப்பாணமும் நம் நேரமேதான், கணக்கு வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் ஐ.சி.எஸ். கோப்பை நம்ப வேண்டாம். கோப்பை இம்போர்ட் செய்வது கம்ப்யூட்டரில்தான் என்று கூகுளே சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டால் சில போன்களில் பதியும், சிலவற்றில் ஆப் திறந்து எதுவும் பதியாமலே மூடிக்கொள்ளும்.

லிங்க்கானாலும் கோப்பானாலும் பெறுபவரிடம் போய்ச் சேர்வது ஒரு நகல். நீங்கள் பிறகு நேரத்தை மாற்றினால் அந்த நகல் மாறாது, பழைய நேரத்துக்கே மணி அடிக்கும். எனவே நேரம் உறுதியாகும்வரை லிங்க் அனுப்பாதீர்கள். மாறியே தீரும் என்றால் 'பழையதை நீக்கிவிட்டு இதைத் தொடுங்கள்' என்று வெளிப்படையாக எழுதி, புதிய லிங்க்கின் தலைப்பிலேயே 'மாற்றிய நேரம்' என்று சேருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாலும் எது சரி என்று புரியும். நினைவூட்டலும் அவர் போனில் வழக்கமாக இருக்கும் அளவில்தான் வரும். அரை மணி நேரம் முன்பு மணி அடித்தால், இரண்டு பஸ் மாறி வர வேண்டியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மாதாமாதம் நடக்கும் கூட்டங்களுக்குப் பொதுக் காலண்டர் நல்ல ஏற்பாடு. தனிக் காலண்டரைப் பொதுவில் வைத்து, அதன் இணைய முகவரியைக் குழுவில் பின் செய்துவிட்டால், கணக்கே இல்லாதவரும் பிரவுசரில் திறந்து பார்க்கலாம். மாற்றம் உடனே தெரியும். மணி மட்டும் அடிக்காது.

வாட்ஸ்அப் ஈவென்ட்

2024-இல் முதலில் கம்யூனிட்டிகளுக்கும் பிறகு சாதாரணக் குழுக்களுக்கும் வந்த வசதி இது. மின்னஞ்சல் இல்லாதவர்களை அழைப்பதற்கு இன்று கிடைப்பவற்றில் இதுவே முதலிடம்: 5-க்கு 4. குழுவில் இணைப்புக் குறியைத் தொட்டு 'ஈவென்ட்' எடுத்தால் பெயர், விவரம், தேதி, நேரம், இடம், வேண்டுமானால் வாட்ஸ்அப் கால் லிங்க். வருகிறவர்கள் ஒரு தட்டில் சொல்லிவிடலாம், யார் யார் என்று பெயரோடு பட்டியல் தெரியும். நேரத்தைத் திருத்தினால் அதே ஈவென்ட்டில் மாறும். ஐகேலண்டர் மின்னஞ்சலை வைத்துச் செய்ததை இது போன் எண்ணை வைத்துச் செய்கிறது.

குறைகள் இல்லாமலில்லை. ஈவென்ட் போட்ட பிறகு குழுவில் சேர்ந்தவருக்கு முந்தைய செய்திகள் தானாகத் தெரியாது, எனவே ஈவென்ட்டும் தெரியாமல் போகலாம். அவரைச் சேர்த்த கையோடு விவரத்தை மறுபடி போடுங்கள். வீட்டுக்கு ஒரே வாட்ஸ்அப் எண் என்றால் 'வருகிறேன்' என்று தட்டியது மாமியாரா மருமகளா என்று தெரியாது. கூட்டத்துக்குத் தீர்மானம், கையெழுத்து, கோரம் (குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை) தேவை என்றால் பெயரைத் தட்டச்சு செய்து தனியாகப் பதில் வாங்குங்கள். குழு வீடியோ காலில் 32 பேருக்கு மேல் சேர முடியாது. 40 வீட்டுச் சங்கம் என்றால் கூகுள் மீட்டுக்குப் போக வேண்டும். அங்கே இலவசக் கணக்கில் 100 பேர் வரை இடம் உண்டு, ஆனால் மூன்று பேரும் அதற்கு மேலும் சேரும் கூட்டம் 60 நிமிடத்தில் முடிந்துவிடும்.

குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். கிளினிக்குக்கும் பெண்கள் குழுவுக்கும் இது சரிப்படாது. அங்கே பிராட்காஸ்ட் லிஸ்ட் பாதுகாப்பானது: ஒரு பட்டியலில் 256 பேர் வரை, பதில் தனித்தனியாக வரும். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். முதல் சந்திப்பிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

பட்டன் போன்

இவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.தான். காலண்டரிலிருந்து தானாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் சேவைகள் விளம்பரத்தில் எளிதாகத் தெரியும். இந்தியாவில் நிறுவனமாக அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி, மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவோரைப் பதியும் டி.எல்.டி. தளத்தில் பதிவு, அனுப்புநர் பெயர், செய்தி வார்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் வேண்டும். நாளுக்கு நூறு அப்பாயின்ட்மென்ட் உள்ள ஆஸ்பத்திரிக்கு அது நியாயம். இருபது பேர் சங்கத்துக்கு வேண்டாத சுமை. உங்கள் சிம்மிலிருந்தே அனுப்புங்கள்.

தமிழில் அனுப்பும்போது நீளத்தில் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். 160 இடம், தமிழில் 70 மட்டும். அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். 'கூட்டம்' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ஏழு இடம். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகி, ஒவ்வொரு துண்டுக்கும் 67 இடம் என்று கணக்கு மாறும். பழைய போன்களில் துண்டுகள் முன்பின்னாக வருவதும் உண்டு. இப்படி எழுதினால் ஒன்றில் அடங்கும்:

கூட்டம்: 14-3-26 சனி காலை 10. ஏ பிளாக் மாடி. வருவீர்களா?

இது 56 இடம். மிச்சமுள்ள 14-இல் ஒரு இடைவெளியும் பத்து இலக்கப் போன் எண்ணும் கொள்ளும். தேதியோடு கிழமையையும் போடுவது அவசியம். 'அடுத்த சனி' என்று எழுதினால் ஒருவர் வருகிற சனிக்கிழமையே வந்து நிற்பார், இன்னொருவர் அதற்கடுத்த வாரம் வருவார். தேதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அவர்களே போன் செய்து கேட்பார்கள், தவறு முன்கூட்டியே பிடிபடும்.

அனுப்பிய பிறகு ஒரு போன் செய்து, வீட்டில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தக் கட்டத்தைச் சுழிக்கச் சொல்லுங்கள். அறுபதைத் தாண்டியவர்களிடம் எந்த ஆப்பின் மணியையும்விட இது நன்றாக வேலை செய்கிறது.

பதில் வாங்க

பலவகைப் போன் கலந்த குழுவுக்குக் கூகுள் ஃபார்ம் உதவும். பெயர், வீட்டு எண், வருகிறீர்களா, எத்தனை பேர் என்று நான்கே கேள்வி. செட்டிங்ஸில் மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை அணைத்துவிடுங்கள். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற தேர்வையும் தொடாதீர்கள். அதை ஆன் செய்த உடனே ஃபார்ம் கூகுள் லாகின் கேட்கும், மின்னஞ்சல் இல்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். கோப்பு ஏற்றும் கேள்வி வைத்தாலும் இதே கதை. ஒருவரே இருமுறை நிரப்பினால் ஷீட்டில் வீட்டு எண்ணை வைத்துக் களைந்துகொள்ளலாம்.

கூகுள் காலண்டரின் சொந்த 'அப்பாயின்ட்மென்ட் ஷெட்யூல்' இதற்கு உதவாது. முன்பதிவு செய்பவரின் மின்னஞ்சலை அது கட்டாயமாகக் கேட்கிறது. போன் எண்ணைக் கூடுதல் கட்டமாகச் சேர்க்கலாமே தவிர, மின்னஞ்சல் கட்டத்தை எடுக்க முடியாது. கிளினிக்குகள் இதை நம்பி போர்டில் கியூ.ஆர். ஒட்டினால், கடைசியில் வரவேற்பு மேசையில் இருப்பவர்தான் எல்லோருக்கும் தன் முகவரியைப் போட்டு நிரப்ப வேண்டியிருக்கும்.

கூட்டம் ரத்தானால் செய்யும் வரிசையும் முக்கியம். காலண்டரில் முதலில் அழிக்காதீர்கள். அழித்தால் மின்னஞ்சல் உள்ளவர்களுக்கு மட்டும் செய்தி போகும், நீங்கள் குறிப்பில் எழுதி வைத்த பெயர்ப் பட்டியலும் அதோடு போய்விடும். அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டன் போன்காரர்களுக்கு முதலில் போன் செய்யுங்கள். அவர்கள்தான் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். பிறகு வாட்ஸ்அப் ஈவென்ட்டை ரத்து செய்து, லிங்க் வாங்கியவர்களிடம் பதிவை நீக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'சொல்லியாச்சு' என்று குறித்து முடித்த பிறகு காலண்டரில் கை வையுங்கள்.